பதவியை உதறியவர், கட்சியைக் கரைத்தவர்

சங்கரன்கோவில் தறிக்கூடத்துக்கும் சோட்டாநாகபுரிக் காட்டுக்கும் என்ன உறவு என்று தோழர்கள் கேட்கலாம். உழைக்கும் மக்கள் தம் பெயரையும் உரிமையையும் தாமே கேட்டுப் பெறவேண்டும் என்ற உறவு உண்டு. அதற்காக ஜெய்பால் சிங் முண்டாவின் வாழ்வை நாம் அறிந்திருக்க வேண்டும்.

1903-ல் ராஞ்சிக்கு அருகே முண்டா பழங்குடியில் பிறந்தவர். மாடு மேய்த்த சிறுவன். பாதிரிமார் பள்ளியில் சேர்த்தனர், சீமைக்கும் அழைத்துச் சென்றனர். ஆக்ஸ்போர்டில் பட்டம் பெற்றார், ஐ.சி.எஸ். பதவிக்கும் தேர்வானார். கலெக்டர் நாற்காலி காத்திருந்தது. அப்போது, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்க அழைப்பு வந்தது. விடுப்பு இல்லை என்றது வெள்ளை அரசு. விடுப்பின்றியே புறப்பட்டார்! அணி தங்கம் வென்றது. அவருக்கோ மேலும் ஓராண்டுப் பயிற்சி என்ற தண்டனை. பதவியையே உதறினார். பதவிக்காகக் கொள்கையை உதறுவோரைக் கண்டு சலித்த நமக்கு, இது வியப்பல்லவா?

1939-ல் ஆதிவாசி மகாசபைத் தலைவரானார். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, இம்மண்ணின் முதல் மக்கள் தம் மக்களே என்று முழங்கினார். ஆதிவாசி என்ற பெயரையே சட்டத்தில் கேட்டார். சட்டமோ பட்டியல் பழங்குடி என்று எழுதிற்று. ஆதி என்ற சொல்லில் உரிமை இருக்கிறது. பட்டியலில் சலுகைதான் இருக்கிறது. நமக்கு மேற்கே மலையில் வாழும் பளியரும் அந்தப் பட்டியலில் உள்ளவர்களே.

1952 தேர்தலில் அவரது ஜார்க்கண்டு கட்சி பீகார் சட்டமன்றத்தின் பெரிய எதிர்க்கட்சியாயிற்று. தனி மாநிலம் கேட்டது. 1955-ல் மாநிலச் சீரமைப்புக் குழு கைவிரித்தது. 1963-ல் அவர் கட்சியைக் காங்கிரசில் இணைத்தார். மாநிலம் வந்ததா? வரவில்லை! கேட்பதற்கிருந்த கட்சிதான் கரைந்தது. 1970 மார்ச் 20-ல் அவர் மறைந்தார். ஜார்க்கண்டு மாநிலம் பிறந்தது 2000 நவம்பர் 15-ல். இணைப்புக்கு 37 ஆண்டு கழித்து!

அதே 1963-ல் நாமும் திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டோம், கட்சியைக் கைவிடவில்லை. 1967-ல் ஆட்சி வந்தது. 1969-ல் நம் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது.

அந்த வீரரை நாம் குறைகூறவில்லை, வணங்குகிறோம். அவர் வாழ்வு தரும் பாடத்தையும் மறவோம்: கோரிக்கை வளையலாம், காலம் தாழலாம், கொடியை மட்டும் பிறர் கையில் கொடுத்துவிடக் கூடாது, தோழர்களே!