எச்.ஜி.வெல்ஸ்: நிலவறையிலிருந்து எதிர்காலத்தைப் பார்த்தவர்

குருக்கள்மடத்தில் யாருக்காவது ஒரு கால இயந்திரம் கிடைத்தால் அவர் எதிர்காலத்துக்குப் போவார் என்று நான் நினைக்கவில்லை. 2004 டிசெம்பர் 26 காலைக்குப் போய், கடற்கரையில் நின்றவர்களை வாவிப் பக்கம் ஓடச் சொல்வார். அல்லது 1990க்குப் போவார். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் திரும்பிப் போக ஒரு நாள் இருக்கிறது.

ஆனால் கால இயந்திரம் என்ற பெயரையே உலகுக்குத் தந்தவர் தன் கதாநாயகனை முன்னோக்கித்தான் அனுப்பினார், 802,701ஆம் ஆண்டுக்கு. ஏன் என்ற கேள்வி, அந்த நாவலை வாசித்த நாளிலிருந்து என்னிடம் இருக்கிறது.

நான் அதை வாசித்தது 1990களின் நடுவில். சாதாரண தரத்தோடு படிப்பு நின்று, கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பகல் முழுவதும் நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் உட்காரக்கூடாது. இரவில் மேல்மாடியில் துணிக்கட்டுகளுக்கு நடுவே படுக்கை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த சுருக்கப் பதிப்பை அகராதியோடு வாசித்து முடிக்க மூன்று வாரம் பிடித்தது. எழுதியவரும் ஒரு காலத்தில் புடவைக்கடைப் பையன் என்று பின்னட்டையில் போட்டிருந்தது. அதற்குப் பிறகு அவரை நான் விடவில்லை.

ஹேர்பேர்ட் ஜோர்ஜ் வெல்ஸ் 1866 செப்டெம்பர் 21 அன்று இங்கிலாந்தின் புரொம்லியில் பிறந்தார். தந்தை ஜோசப் பீங்கான் பாத்திரங்களும் கிரிக்கெட் சாமான்களும் விற்றார். கடை ஓடவில்லை. பந்துவீச்சுதான் ஓரளவு சோறு போட்டது. கென்ற் அணிக்காக 1862இல் அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் எடுத்தவர் அவர். மகனுக்கு ஏழு வயதில் கால் முறிந்தது. படுக்கையில் கிடந்த பிள்ளைக்குத் தந்தை நூலகப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். வெல்ஸின் வாசிப்பு அங்கே தொடங்கியது. 1877இல் தந்தையின் கால் முறிந்தபோது குடும்பத்தின் வருமானமும் முறிந்தது.

1880இல் தாய் சாரா, அப்பார்க் என்ற பெரிய மாளிகைக்கு வீட்டு நிர்வாகியாகப் போனார். மேலே எசமானர்கள், கீழே நிலவறையில் வேலைக்காரர்கள். சமையலறைக்கும் மாளிகைக்கும் இடையில் நிலத்தடிச் சுரங்கப்பாதைகள் இருந்தன. பணியாளர்கள் நடமாடுவது எசமானர்களின் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. தாயைப் பார்க்க வந்த சிறுவன் கீழே தங்கினான். மேலேயிருந்த நூலகத்துப் புத்தகங்களை வாசித்தான்.

பிறகு சவுத்சீயில் புடவைக்கடை. நாளுக்கு 13 மணி நேர வேலை. இரவில் மற்றப் பையன்களோடு பொது விடுதியில் படுக்கை. தாய் கட்டணம் செலுத்திச் சேர்த்துவிட்ட வேலை அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை 17 மைல் நடந்து தாயிடம் போய், இனி முடியாது என்று சொன்னான். 1883இல் கடையை விட்டு வெளியேறி மிட்ஹேர்ஸ்ட் பாடசாலையில் மாணவ ஆசிரியனானான். அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் கிடைத்து லண்டனில் ரி.எச்.ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தான். டார்வினுக்காகப் போராடிய அந்த ஆசிரியரிடமிருந்து அவன் ஒன்றை எடுத்துக்கொண்டான்: பரிணாமம் மேல்நோக்கித்தான் போகும் என்ற உத்தரவாதம் எதுவும் இல்லை.

இறுதிப் பரீட்சையில் தோற்றார். மீண்டும் படித்து 1890இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்றார். எங்கள் கரையோரத்திலேயே தெற்கே காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளும் பின்னர், 1920இல், அதே பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைத்தான் பெற்றார். வசதியில்லாத பிள்ளைகளுக்கு அந்தக் கதவு எவ்வளவு பெரியது என்பது எங்களுக்குத் தெரியும்.

நுரையீரலில் இரத்தக் கசிவு ஏற்பட்டதால் 1893இல் கற்பித்தலை விட்டு எழுத்தை நம்பினார். 1895இல் கால இயந்திரம் வெளிவந்தது. எதிர்காலத்தில் மனித இனம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மேலே வெயிலில் பழம் தின்று விளையாடும் இலோய்கள். கீழே இருட்டில் இயந்திரங்களை இயக்கும் மோர்லொக்குகள். கிணறு போன்ற துவாரங்கள் வழியாக இரவில் இவர்கள் மேலே வருகிறார்கள், இலோய்களைத் தின்கிறார்கள். ஒரு காலத்தில் முதலாளிகளாகவும் தொழிலாளர்களாகவும் இருந்தவர்களின் வாரிசுகள் என்று பயணி ஊகிக்கிறான். அப்பார்க் மாளிகையின் நிலவறைதான் அது.

வெல்ஸ் குறையற்றவர் அல்லர். 1898இல் உலகங்களின் யுத்தத்தை எழுதியபோது தஸ்மேனியப் பழங்குடிகள் அழிக்கப்பட்டதை ஐரோப்பியருக்கு நினைவூட்டினார். மூன்றே ஆண்டுகளில், புதிய உலகுக்கு ஈடுகொடுக்காத வெள்ளையரல்லாத இனங்கள் மறைய வேண்டியதுதான் என்று எழுதினார். மேலே ஏறியவருக்குக் கீழே இருப்பவர்கள் மறந்துபோகும் ஆபத்து அவருக்கும் நேர்ந்தது. 1940இல் எல்லா மனிதருக்குமான உரிமைப் பிரகடனத்துக்காக அவர் எழுதினார். 1948இல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1914இலேயே கதையில் கற்பனை செய்த அணுகுண்டு ஹிரோஷிமாவில் விழுந்ததைப் பார்த்துவிட்டு, 1946 ஓகஸ்ட் 13 அன்று 79 வயதில் இறந்தார்.

அவருக்குப் பின்னால் திரும்பிப் போக நல்ல நாள் எதுவும் இருக்கவில்லை. கடையும் நிலவறையும்தான் இருந்தன. அதனால்தான் முன்னோக்கிப் போனார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எட்டு இலட்சம் ஆண்டுகள் தாண்டியும் அவர் கண்டது அதே நிலவறையைத்தான். கீழே தள்ளி மூடியது எதுவும் அங்கேயே அடங்கிக் கிடக்கவில்லை.

எங்கள் ஊரின் பெயரோடு 1990 யூலை 12 சேர்ந்திருக்கிறது. கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிய முஸ்லிம் மக்கள் இங்கே மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டதாக அவர்களுடைய உறவினர்கள் முறையிட்டு வருகிறார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் வந்தாறுமூலை அகதி முகாமிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களின் தாய்மாரும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் எங்கள் காணாமற்போனவர்களைத் தேடுகிறோம். எங்கள் மண்ணுக்குள் மற்றவர்கள் தேடுபவர்களைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம்.

1990க்குத் திரும்பிப் போக எந்த இயந்திரமும் இல்லை. மண்ணைத் தோண்டிப் பார்க்க மண்வெட்டி போதும்.