கடலை எண்ணெயில் ஓடிய எஞ்சின்

டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். தொட்டியத்து வாழைத் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின் அவர் மூளையில் உதித்ததே.

ருடால்ஃப் டீசல் 1858-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் பாரிஸ் நகரில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தார். 1870-இல் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்கு ஓடியது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் படிப்பதற்காக ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். விடுதி மாணவியருக்கு அவன் மனநிலை நன்றாகப் புரியும்!

மியூனிக்கில் பயிலும்போது, நீராவி எஞ்சினில் நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பங்கு வீணாவதை அறிந்தார். அந்த எண்ணம் அவரை விடவேயில்லை. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பு சுடுகிறதல்லவா? அவ்வாறே காற்றை மிகவும் அமுக்கினால், தீப்பொறியின்றியே எண்ணெய் பற்றிக்கொள்ளும். 1893-இல் முதற் சோதனையின்போது அளவுகருவி வெடித்துச் சிதறியது. அவர் தளரவில்லை. 1897-இல், வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றும் எஞ்சினை ஓட்டிக் காட்டினார்.

1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் இவ்வகைச் சிறிய எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. வேடிக்கை பார்த்தவர்களில் வெகுசிலரே அதைக் கவனித்தனராம். தாவர எண்ணெய்களுக்கு ஒரு காலம் வரும் என்று 1912-இல் டீசல் எழுதினார். ஆனால் அப்போது அவர் கடனில் மூழ்கியிருந்தார். 1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து செல்லும் கப்பலில் உணவருந்திவிட்டு அறைக்குச் சென்றார். காலையில் அவரைக் காணவில்லை. சில நாட்களுக்குப்பின் கடலில் உடல் கிடைத்தது. நடந்ததை இறைவன் ஒருவரே அறிவார்.

அவர் சொன்ன காலம் உடனே வரவில்லை. தாவர எண்ணெய் கெட்டியானது. நாளடைவில் நாசிலை அடைத்துவிடும். 1937-இல் பெல்ஜிய நாட்டு ஷவான் என்பவர், எண்ணெயை ஆல்கஹாலுடன் வினைபுரியச் செய்து இளக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவே இன்றைய பயோடீசலுக்கு வழி. இந்த வினைக்கு வினையூக்கியாகப் பெரும்பாலும் காஸ்டிக் சோடாவைக் கரைத்துவிடுகிறார்கள். பிறகு அதை நீக்கத் தண்ணீர்விட்டுப் பலமுறை கழுவவேண்டும். சோப்பு நுரைவேறு தொல்லை. ஆகவே இப்போது ஆய்வாளர்கள் கரையாத திட வினையூக்கிகளை நாடுகின்றனர். முட்டை ஓட்டையோ கிளிஞ்சலையோ சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பு அவற்றில் ஒன்று. வினை முடிந்ததும் வடிகட்டி எடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். ஈரக்காற்று பட்டால் மட்டும் அதன் வேகம் குறைந்துவிடும்.

சமையலுக்கே போதாத கடலை எண்ணெயை எஞ்சினுக்கு ஊற்றுவதா என்று அம்மா கேட்டார். வேண்டாம், அதற்குப் புங்க எண்ணெய் இருக்கிறது என்றேன்.