200 வெற்றி, 1 தோல்வி: ஒரு பி.டி. மாஸ்டரின் கதை

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் எல்லோரும் விஞ்ஞானிகளையும் தொழிலதிபர்களையும் பற்றித்தான் எழுதுவார்கள் என்று தோன்றியது. நான் ஒரு பி.டி. மாஸ்டரைப் பற்றி எழுதுகிறேன். நம் கல்லூரி கூடைப்பந்து கோர்ட்டில் முட்டியைத் தேய்த்துக்கொண்டவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

பெயர் எர்னஸ்ட் பிளட். 1872-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் பிறந்தவர். கூடைப்பந்து என்ற விளையாட்டே 1891 டிசம்பரில்தான் பிறந்தது. அப்போது இவருக்கு 19 வயது. அதாவது இவருக்குக் கற்றுத்தர மூத்த கோச் என்று யாரும் இருந்திருக்க முடியாது. உடற்பயிற்சி ஆசிரியராகப் பல ஊர்களில் வேலை பார்த்துவிட்டு, 1915-ல் நியூ ஜெர்ஸியில் பசேயிக் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். பையன்கள் இவரை 'புரொபசர்' என்றே கூப்பிட்டார்கள். ஆள் ஒரு மாதிரியான பேர்வழி. கரடி ஒன்றை வளர்த்தார்! ஜெப் என்ற அந்தக் கரடிதான் அணியின் செல்லப்பிராணி.

1919-ல் மாநில இறுதி ஆட்டத்தில் யூனியன் ஹில் பள்ளியிடம் தோற்றார்கள். பசேயிக்கில் இவர் கண்ட ஒரே தோல்வி அதுதான். அந்த டிசம்பரில் ஆரம்பித்த வெற்றி வரிசை 159 ஆட்டங்களுக்கு நிற்கவேயில்லை.

இன்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா? எப்படி முடிந்தது என்று யோசித்தேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கூடை விழுந்ததும் பந்து மறுபடி நடுவட்டத்துக்கு வரும். இரு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் எம்பி அதைத் தட்ட வேண்டும். (இந்த விதி 1937-ல்தான் போனது.) ஆக, கூடை போட்ட அணியே மறுபடி பந்தைப் பிடித்துவிட்டால் எதிரணி பந்தைத் தொடவே முடியாது. பிளட் அதைத்தான் பிடித்துக்கொண்டார். நடுவில் நன்றாக எம்புகிற ஆள், சுற்றிலும் குட்டிக் குட்டிப் பாஸ்களாக வேகமாகக் கொடுத்து வாங்குகிற நால்வர். பெரிய அணிகளே 30 புள்ளி எடுத்தால் பெரிது என்றிருந்த நாளில், இந்தப் பள்ளிப் பையன்கள் ஒரே ஆட்டத்தில் 100-ஐத் தாண்டியதும் உண்டு. விதி சாதகமாக இருந்தது என்று யாராவது சொல்லலாம். விதி எதிரணிக்கும் அதேதானே!

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. பள்ளி அணி என்றால் வருஷா வருஷம் தேர்ந்த ஆட்டக்காரர்கள் படிப்பு முடித்துப் போய்விடுவார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் நீடித்த வெற்றி என்றால், தொடங்கிய பையன்களில் ஒருவன்கூடக் கடைசியில் இருந்திருக்க மாட்டான். ஒவ்வொரு முறையும் புதுப் பையனை எடுத்து, அதே பாஸ், அதே கால் வைப்பு என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். நாம் ப்ராஜெக்டுக்கு ஒரு ஜூனியரைப் பழக்குவதற்கே எவ்வளவு அலுத்துக்கொள்கிறோம்!

ஆனால் கதை இனிப்பாக முடியவில்லை. பள்ளி நிர்வாகத்துக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை. உரசல் முற்றி, 1924-ல், வெற்றி வரிசை நடந்துகொண்டிருக்கும்போதே, பள்ளியை விட்டு வெளியேறினார். அப்போது கணக்கு 147. அணி இவரில்லாமல் இன்னும் 12 ஆட்டம் ஜெயித்தது. 1925 பிப்ரவரி 6 அன்று ஹாக்கன்சாக் பள்ளி 39-35 என்று வரிசையை முடித்து வைத்தது. இவர் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்களா என்று யார் சொல்ல முடியும்? இருந்தாலும், என் மனசு பிளட் பக்கம்தான்.

மனுஷர் முடங்கிப் போகவில்லை. 50 வயதைத் தாண்டியவர், பக்கத்தில் நெவார்க் நகரின் செயின்ட் பெனடிக்ட் பள்ளியில் சேர்ந்து, கால் நூற்றாண்டு போல அங்கே பையன்களைப் பழக்கினார். அங்கும் 400-க்கு மேல் வெற்றிகள். அங்கே தோல்விகளும் நிறைய வந்தன. அதோடும் வாழப் பழகியிருக்கிறார்.

1955-ல் காலமானார். ஐந்து வருஷம் கழித்து, 1960-ல், கூடைப்பந்து புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.