மூளையில் தங்கும் இரும்பை எம்.ஆர்.ஐ. அளப்பது எப்படி? வழிகாட்டிய அறிவியலில் ஒரு தமிழரின் பங்கு!

ஆரணியில் பட்டு நூலோடு பழகியவர்களுக்கு இது நல்லாத் தெரியும். நூலை முறுக்கினால் அது சும்மா இருக்காது, கையை விட்டதும் பழையபடி திரும்பப் பார்க்கும். சுமார் 90 ஆண்டுகளுக்கு முன்பு, இப்படி ஓர் இழையின் முறுக்கை வைத்தே படிகங்களின் காந்தத் தன்மையை அளந்தார் ஒரு தமிழர். அவர்தான் கே.எஸ்.கிருஷ்ணன்.

இன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவருக்கு, அங்கே எவ்வளவு இரும்பு தங்கியிருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. கணக்கிடுவதும் காந்தத் தன்மையை வைத்துத்தான்.

யார் இந்த கிருஷ்ணன்?

1898-ல் இன்றைய விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்துவிட்டு, 1920-ல் கொல்கத்தா போனார். அங்கே சி.வி.ராமனோடு சேர்ந்தார். 1928-ல் ராமன் விளைவை உலகுக்குச் சொன்ன கட்டுரையில் ராமனோடு கிருஷ்ணன் பெயரும் இருந்தது. ஆனால் 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும்தான்.

அதோடு அவர் நின்றுவிடவில்லை. 1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய், காந்தவியலைக் கையில் எடுத்தார்.

இழையில் தொங்கிய படிகம்

சின்னப் படிகம் ஒன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தப் புலத்துக்குள் தொங்கவிடுவார்கள். இழையின் மேல் முனையை மெதுவாக முறுக்குவார்கள். படிகத்தைக் காந்தப் புலம் பிடித்து வைத்திருக்கும். ஒரு கட்டத்தில் பிடி தாங்காமல் படிகம் சட்டென்று திரும்பிவிடும். அது எத்தனை முறுக்கில் நடந்தது என்பதை வைத்து, படிகத்தின் காந்தத் தன்மை திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று கணக்குப் போடலாம். எஸ்.பானர்ஜியோடு சேர்ந்து கிருஷ்ணன் உருவாக்கிய முறை இது.

1933-ல் கொல்கத்தா திரும்பினார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1961 ஜூன் மாதம் காலமானார்.

சரி, இதுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு பொருள் காந்தப் புலத்துக்கு எந்த அளவு வளைந்து கொடுக்கிறது என்பதற்குப் பெயர் காந்த ஏற்புத்திறன். தண்ணீரைக் காந்தம் லேசாகத் தள்ளும். இரும்பு சேர்ந்த பொருள் பெரும்பாலும் ஈர்க்கப்படும். ஆக்சிஜன் இருக்கும் ரத்தமும் இல்லாத ரத்தமும் காந்தத்தோடு வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்று லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெல்லும் 1936-ல் காட்டினார்கள்.

மூளையில் ரத்தம் கசிந்தால், அடுத்த சில நாட்களில் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பிக்கும். ஹீமோகுளோபினில் இருந்த இரும்பு வெளியே வந்து சுற்றியுள்ள செல்களையும் பாதிக்கும். அதாவது, கசிவு நின்ற பிறகும் சேதம் தொடரலாம்.

இந்த இரும்பு, ஸ்கேன் கருவியின் காந்தப் புலத்தைத் தன் அருகில் கொஞ்சம் குலைக்கும். அதனால் அந்த இடத்துச் சிக்னல் சீக்கிரம் மங்கிவிடும். எவ்வளவு வேகமாக மங்குகிறது, புலம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்து, அங்குள்ள இரும்பைக் கணினி மதிப்பிடும்.

கிருஷ்ணன் எம்.ஆர்.ஐ.யைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த ஸ்கேன் வந்ததே 1970-களில்தான். ஆனால் காந்த ஏற்புத்திறனைத் துல்லியமாக அளக்கும் துறையை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர்.

இதனால் நோயாளிக்கு என்ன லாபம்?

இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டிஃபெராக்ஸமின் மருந்தை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. மருந்து பாதுகாப்பானதாகத் தெரிந்தது. ஆனால் 90 நாட்களில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. யாருக்கு இரும்பு அதிகம், மருந்தால் அது குறைகிறதா என்று தெரிந்தால்தான் அடுத்த முயற்சி சரியாக அமையும். அதற்குத்தான் இந்த அளவீடு. இது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையில்தான் உள்ளது.

அவசர நேரத்தில் பொதுவாக முதலில் எடுப்பது சி.டி. ஸ்கேன்தான். முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காதீங்க, உடனே 108-ஐ அழையுங்கள். மூளை ரத்தக்கசிவுக்கு முக்கியக் காரணம் உயர் ரத்த அழுத்தம். அதை அளக்க ஸ்கேன் தேவையில்லை, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமே போதும்.