நட்சத்திர ஒளியை அளந்த போக்சன்

நேற்று இல்லாத நட்சத்திரம் இன்று ஆகாயத்தில் தோன்றுமா? தோன்றும். 1572-ம் ஆண்டில் டைக்கோ பிராஹி என்ற ஐரோப்பிய வான அறிஞர் அப்படி ஒன்றைக் கண்டார். பகலிலும் தெரியும் அளவுக்கு அது ஒளி வீசியது. பிறகு மெல்ல மங்கி மறைந்தது. "புதிய நட்சத்திரம்" என்று அதற்குப் பெயரிட்டார்கள். உண்மையில் அது புதிதாகப் பிறந்தது அல்ல. கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒரு நட்சத்திரம் வெடித்ததால் ஏற்பட்ட ஒளி அது.

இதைப் போன்ற ஓர் அதிசயத்தைத் தம் கண்ணால் கண்டவர் நார்மன் போக்சன். அதன் பிறகு 30 ஆண்டுகள் சென்னையில் உத்தியோகம் பார்த்தவர். தென்னாட்டு மலை ஒன்றில் பெரிய தொலைநோக்கி வைக்க வேண்டும் என்று போராடியவர். அவருடைய அந்த ஆசைக்காகத்தான் நீலகிரி மலையின் வானம் ஆராயப்பட்டது.

இளம் கணித நிபுணர்

போக்சன் 1829-ம் ஆண்டு இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் பிறந்தார். 18 வயதிலேயே இரண்டு வால்நட்சத்திரங்களின் பாதையைக் கணக்கிட்டார். பிறகு ஆக்ஸ்போர்டு நகரின் வானாராய்ச்சி நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தார்.

ஒளி கூடியும் குறைந்தும் மாறும் நட்சத்திரங்கள் மீது அவருக்கு ஆசை அதிகம். இரவெல்லாம் கண் விழிப்பார். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, எது எவ்வளவு பிரகாசம் என்று எழுதி வைப்பார்.

அந்தக் காலத்தில் ஒளியை அளக்க ஒழுங்கான அளவுகோல் இல்லை. மிகப் பிரகாசமானது முதல் தரம், கண்ணுக்கு அரிதாகத் தெரிவது ஆறாம் தரம் என்று பழைய கிரேக்கர்கள் பிரித்திருந்தார்கள். ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் எத்தனை மடங்கு வித்தியாசம்? ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள்.

1856-ல் போக்சன் ஒரு வழி சொன்னார். ஆறாம் தரத்தைவிட முதல் தரம் 100 மடங்கு பிரகாசம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒவ்வொரு படிக்கும் 2.512 மடங்கு வித்தியாசம் வரும். இன்று உலகம் முழுவதும் வழங்குவது இந்த அளவுதான்.

வெடித்தது நட்சத்திரம்!

1860-ம் ஆண்டு மே மாதம். அப்போது போக்சன் இங்கிலாந்தில் ஹார்ட்வெல் என்ற ஊரில் இருந்தார். விருச்சிக மண்டலத்தில் நட்சத்திரக் கூட்டம் ஒன்று உண்டு. தொலைநோக்கியில் பஞ்சு உருண்டை போல் தெரியும். போக்சனுக்கு அது பழகிய இடம். மே 28-ம் தேதி பார்த்தபோது திகைத்துப் போனார். பஞ்சு உருண்டையின் நடுவே ஒரு நட்சத்திரம் பளிச்சென்று ஒளிர்ந்தது!

ஒரு வாரத்துக்கு முன்பே ஜெர்மனியில் ஆவர்ஸ் என்பவரும் அதைக் கண்டிருந்தார். அது போக்சனுக்குத் தெரியாது. ஜூன் மாதத்தில் அந்த ஒளி மங்கிவிட்டது.

அது என்ன என்று அன்று யாராலும் சொல்ல முடியவில்லை. இன்று தெரியும். நெருங்கிச் சுற்றும் இரண்டு நட்சத்திரங்களில் ஒன்று வயதாகிச் சுருங்கியது. அது மற்றதன் வாயுவை இழுத்துத் தன் மேல் குவித்துக்கொள்கிறது. குவிந்த வாயு சூடேறி ஒரு நாள் வெடிக்கிறது. அடுப்பில் பால் பொங்குவது போன்றது இது. பால் வழிந்தாலும் பாத்திரம் உடைவதில்லை. அந்த நட்சத்திரமும் அழிவதில்லை. ஆனால் டைக்கோ கண்டது வேறு. அங்கே பாத்திரமே வெடித்துச் சிதறியது.

சென்னையில்

1861 பிப்ரவரியில் போக்சன் சென்னை வந்தார். நுங்கம்பாக்கம் வானாராய்ச்சி நிலையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இரண்டே மாதத்தில் ஒரு சிறு கிரகத்தைக் கண்டுபிடித்து, அதற்கு "ஆசியா" என்று பெயரிட்டார். சென்னையிலிருந்து அவர் கண்ட சிறு கிரகங்கள் மொத்தம் ஐந்து.

அவருடைய உதவியாளர்களில் சிறந்தவர் ரகுநாதாச்சாரி. 1867-ல் தென் வானத்தில் புதிய மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர் இவர். 1873 முதல் போக்சனின் மகள் ஐசிஸும் அங்கே வேலை செய்தார். மாதச் சம்பளம் 150 ரூபாய்.

நீலகிரியின் வானம்

1871 டிசம்பர் 12-ம் தேதி காலை முழு சூரிய கிரகணம் வந்தது. போக்சன் குழுவினர் அவிநாசியில் தங்கிப் பார்த்தார்கள். மேலே நீலகிரியில், தொட்டபெட்டா சிகரத்தில் டென்னன்ட் என்ற ராணுவ அதிகாரியின் குழு படம் எடுத்தது. உதகைக்கு அருகே சோலூரில் பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சன், சூரியனைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்தை ஆராய்ந்தார்.

மலை உச்சியில் காற்று மெல்லியது. தூசியும் குறைவு. மங்கிய நட்சத்திரமும் அங்கே தெளிவாகத் தெரியும். 1882-ல் போக்சன் சர்க்காருக்கு ஒரு திட்டம் எழுதினார். 20 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைத் தென்னாட்டு மலையில் வைக்க வேண்டும் என்று கேட்டார். இடம் தேடும் வேலை தொடங்கியது. மிச்சி ஸ்மித் என்பவர் நீலகிரி மலையிலும் பழனி மலையிலும் ஏறி, வானத்தின் தெளிவைச் சோதித்தார்.

ஆண்டுகள் ஓடின. தொலைநோக்கி வரவில்லை. 1891 ஜூன் மாதம் போக்சன் சென்னையிலேயே காலமானார். அவருக்கு வயது 62. அதன் பிறகுதான் முடிவு ஏற்பட்டது. பழனி மலையில் உள்ள கோடைக்கானலுக்கே நிலையம் கிடைத்தது. மாறும் நட்சத்திரங்களைப் பற்றி அவர் எழுதி வைத்த குறிப்புகள் 1908-ல்தான் அச்சேறின.

நீலகிரியின் முறை 1970-ல் வந்தது. உதகை முத்தோரையில், மலைச் சரிவிலேயே 530 மீட்டர் நீளத்தில் ரேடியோ தொலைநோக்கி அமைக்கப்பட்டது. வெடித்துச் சிதறிய பெரிய நட்சத்திரங்கள் விட்டுச்சென்ற, வேகமாகச் சுழலும் சிறு உருண்டைகளின் துடிப்பை அது கேட்டு வருகிறது.

போக்சன் கண்ட புது நட்சத்திரம் சில வாரங்களே ஒளி வீசியது. அந்த இடத்தை முன்பே பலமுறை பார்த்துப் பழகியிருந்தார். ஆகவேதான் மாறுதல் அவர் கண்ணில் பட்டது.