கிளேர் பாட்டர்சன்

கிளேர் கேமரன் பாட்டர்சன் (ஜூன் 2, 1922 - டிசம்பர் 5, 1995) ஓர் அமெரிக்கப் புவிவேதியியலாளர் ஆவார். புவியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் எனக் கணித்தவர் இவரே. நகரக் காற்றிலுள்ள ஈயம் மனிதரால் உண்டானது என நிறுவி, ஈயம் கலந்த பெட்ரோல் கைவிடப்பட வழிகோலியவர்களுள் முதன்மையானவர்.

இளமை

அயோவா மாநிலத்தின் மிட்செல்வில் எனும் சிற்றூரில் பிறந்தார். கிரின்னல் கல்லூரியில் வேதியியல் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது மன்காட்டன் திட்டத்தில் பணியாற்றினார். 1951 இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

புவியின் வயது

யுரேனியம் சிதைந்து ஈயமாக மாறுவதைக் கொண்டு பாறைகளின் வயதை அறியலாம். சிகாகோவில் இவர் இவ்வாறு அளக்க முற்பட்டபோது, மாதிரிகளில் இருக்கவேண்டியதை விடப் பன்மடங்கு ஈயம் தென்பட்டது. காற்றில் மிதந்து வந்து மேசை, கலன், ஆடை, தலைமுடி என யாவற்றிலும் படிந்த தூசியே இதற்குக் காரணம் என்பதைக் கண்டறியச் சில ஆண்டுகள் ஆயின. பின்னர் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில், வடிகட்டிய காற்று மட்டுமே நுழையும் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். கலன்கள் மீண்டும் மீண்டும் அமிலத்தால் கழுவப்பட்டன. அங்கு பிரித்தெடுத்த விண்கல் ஈயத்தை 1953 இல் அளந்து, புவியின் வயதை 1956 இல் விரிவாக வெளியிட்டார்.

காற்றில் ஈயம்

ஆய்வுக்கு இடையூறாக இருந்த தூசியே அடுத்த ஆய்வுப்பொருள் ஆயிற்று. அக்காலத்தில் இயந்திரத்தின் இடிப்பைத் தடுக்கப் பெட்ரோலில் டெட்ராஎத்தில் ஈயம் சேர்க்கப்பட்டது. அது எரிந்து, நுண்ணிய ஈய உப்புத் துகள்களாகப் புகையுடன் வெளியேறியது. பெரிய துகள்கள் தம் எடையால் சாலையோரத்திலேயே விழுந்துவிடும். ஒரு மைக்ரோமீட்டரினும் சிறியவை அவ்வாறு விழுவதில்லை. அவை பல நாட்கள் மிதந்து, பெரும்பாலும் மழையுடனோ பனியுடனோதான் தரையை அடைகின்றன. ஆகவே நகரத்து ஈயம் ஆளில்லாத துருவம் வரை சென்றது.

இதற்கான சான்றைப் பாட்டர்சன் பனியில் தேடினார். கிறீன்லாந்துப் பனிப்படலத்தில் கி.மு. 800 ஐச் சேர்ந்த அடுக்கைவிட 1965 ஆம் ஆண்டு அடுக்கில் 200 மடங்குக்கும் மேல் ஈயம் இருந்ததாக 1969 இல் முரோசூமி, சவு ஆகியோருடன் வெளியிட்டார். 1940 க்குப் பின்னரே ஏற்றம் மிகக் கூர்மையாக இருந்தது.

எதிர்ப்பு

மக்களின் உடலிலுள்ள ஈயம் இயற்கையானதே என்பது ஈயத் தொழில்துறையினரின் நிலைப்பாடு. இயற்கை அளவு அதனினும் மிகமிகக் குறைவு என 1965 இல் இவர் எழுதிய கட்டுரை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. எண்ணெய்த் துறையின் ஆய்வு நிதியையும் இழந்தார். 1971 இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுப் பேரவை அமைத்த வளிமண்டல ஈயக் குழுவில், இத்துறையின் தலைசிறந்த வல்லுநரான இவருக்கு இடமளிக்கப்படவில்லை. 1978 இல் அமைந்த குழுவில் இடம்பெற்றபோது, பெரும்பான்மையினர் முடிவை ஏற்காது தனி அறிக்கை எழுதினார்.

1970களிலிருந்து பெட்ரோலில் ஈயம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்கர்களின் சராசரிக் குருதி ஈய அளவு 1970களின் இறுதியிலிருந்து 1991 க்குள் முக்கால் பங்குக்கு மேல் வீழ்ந்தது. சாலை வாகனங்களுக்கான முழுத் தடை சனவரி 1, 1996 இல், இவர் இறந்து ஒரு மாதத்துக்குள் நடைமுறைக்கு வந்தது.

சிறப்புகள்

1987 இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக உறுப்பினரானார். 1995 இல் சுற்றுச்சூழலுக்கான டைலர் பரிசு பெற்றார். 2511 ஆம் எண்ணுள்ள சிறுகோளுக்கு இவரது பெயர் இடப்பட்டுள்ளது.