மாலுமிகளின் ஆசான் அஹ்மத் இப்னு மாஜித்

வாஸ்கோடகாமா 1498ஆம் ஆண்டு கோழிக்கோட்டுக்கு அருகே வந்திறங்கினார் என்பதை நம் பிள்ளைகள் எல்லோரும் பள்ளியில் படிக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள மாலிந்தி துறைமுகத்திலிருந்து அவருடைய கப்பல்களுக்கு வழிகாட்டியவர் இப்னு மாஜித் என்ற அரபு மாலுமி என்றும் நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். மேடைகளில் சிலர் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். வேறு சிலர் வருத்தத்தோடு சொல்கிறார்கள். அந்த வழி தெரிந்த பிறகுதானே 1502இல் இதே காமா மீண்டும் வந்து, மக்காவிலிருந்து ஹாஜிகளை ஏற்றி வந்த கப்பலைத் தீயிட்டுக் கொளுத்தினார் என்பது அவர்களின் ஆதங்கம். பெருமைப்படுபவரும் வருத்தப்படுபவரும் அந்தச் செய்தி உண்மைதானா என்று மட்டும் கேட்பதில்லை. இறந்துபோன ஒருவர் மீது சுமத்தப்பட்ட பழி இது. அவர் யார், என்ன செய்தார் என்பதைத் தெரிந்துகொண்டு அதற்குப் பிறகு இந்தக் கேள்விக்கு வருவோம்.

ஷிஹாபுத்தீன் அஹ்மத் இப்னு மாஜித் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். ஊர் ஜுல்ஃபார். இன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் ராஸ் அல் கைமா என்று நாம் அழைக்கும் பகுதி அது. நம் குடும்பங்களிலிருந்து எத்தனையோ பேர் அங்கே வேலை பார்த்திருப்பார்கள். குடும்பத்தின் பூர்வீகம் நஜ்து பகுதி. அவருடைய பாட்டனாரும் தந்தையும் செங்கடலில் கப்பல் செலுத்தியவர்கள். பாறையும் பவளத்திட்டும் நிறைந்த செங்கடலைக் கண்டு பெரிய மாலுமிகளும் அஞ்சுவார்கள். தந்தை அந்தக் கடல் பற்றி ஆயிரம் அடிகளுக்கு மேல் கொண்ட ஒரு கவிதை நூலே எழுதியிருந்தார். பாட்டனாரின் குறிப்புகளைத் தந்தை திருத்தினார். தந்தையின் குறிப்புகளை மகன் தம் அனுபவத்தை வைத்துத் திருத்தினார். பெற்றவர் எழுதியது என்பதற்காக ஒரு பாறையின் இடத்தைத் தவறாக விட்டுவைக்க முடியாதல்லவா? அடுத்து வரும் கப்பல் அதில் மோதும்.

அரபுக் கப்பல்களில் கப்பலின் உரிமையாளர் அல்லது தலைவர் நாகுதா. வழிகண்டு செலுத்துபவர் முஅல்லிம். முஅல்லிம் என்றால் ஆசிரியர் என்று நமக்குத் தெரியும், மதரஸாவில் அதே பொருளில்தான் சொல்கிறோம். தமிழில் நாம் புழங்கும் மாலுமி என்ற சொல்லும் இந்த முஅல்லிமிலிருந்து வந்ததுதான். சரக்கு ஏற்றுவதும் விற்பதும் நாகுதாவின் பொறுப்பு என்றால், அத்தனை உயிர்களையும் கரை சேர்ப்பது முஅல்லிமின் பொறுப்பு. இப்னு மாஜித் முஅல்லிம்.

அன்றைய கப்பல்களில் பலவற்றை ஆணி அடித்துக் கட்டவில்லை. பலகைகளில் துளையிட்டு, தென்னை நார்க் கயிற்றால் தைத்து இறுக்கினார்கள். முக்கோண வடிவப் பாய்தான் உந்துசக்தி. காற்று இல்லாவிட்டால் நிற்கவேண்டும், காற்று மாறினால் திரும்பவேண்டும். ஆகவே ஒரு முஅல்லிமின் முதல் பாடம் பருவம். அரபியில் மவ்சிம். ஆங்கிலேயர் பருவக்காற்றுக்கு வழங்கும் மான்சூன் என்ற பெயரும் இதிலிருந்து போனதே. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலபார் கரையில் கடல் மூடப்படும். அந்த மாதங்களில் எந்தத் துறைமுகத்திலும் நுழைய முடியாது. எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு எந்த நாளில் புறப்படவேண்டும், கடைசி நாள் எது என்று இப்னு மாஜித் நாள் கணக்கிட்டு எழுதி வைத்தார். அந்தக் கடைசி நாளைத் தவறவிட்ட வணிகர் பல மாதங்கள், சில வேளை அடுத்த ஆண்டு வரைக்கும் அந்நிய ஊரில் கிடக்கவேண்டியதுதான்.

இரண்டாவது பாடம் வானம். கரை கண்ணிலிருந்து மறைந்த பிறகு கப்பல் எங்கே நிற்கிறது என்று எப்படி அறிவது? துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்று அளப்பார்கள். வடக்கே போகப் போக அது ஏறும், தெற்கே வர வர இறங்கும். அளவுகோல் விரல். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு விரலின் அகலம் வானத்தில் மறைக்கும் அளவு, இன்றைய கணக்கில் ஒன்றரை பாகைக்குச் சற்று அதிகம். வெறும் விரலால் அளந்தால் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் சிறிய மரப்பலகைகளைப் பயன்படுத்தினார்கள். பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்தைத் தொடவேண்டும், மேல் விளிம்பு நட்சத்திரத்தைத் தொடவேண்டும். பிற்காலத்தில் ஒரே பலகையின் நடுவில் முடிச்சுகள் போட்ட கயிற்றைக் கோத்து, கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு அளந்தார்கள். எந்த முடிச்சில் அளவு சரியாக அமைகிறதோ அது ஒரு துறைமுகத்தின் உயரம். அரபியில் கமால் எனப்படும் இந்தக் கருவி நம் கரைக்கும் அந்நியமல்ல. தமிழ் மாலுமிகள் இதை ராப்பலகை என்றார்கள். சோழமண்டலக் கரை மாலுமிகளிடம் இத்தகைய கருவியைக் கண்டு ஓர் ஆங்கிலேயர் 1850இல் சென்னையில் வெளிவந்த ஆய்விதழில் எழுதியிருக்கிறார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. துருவ நட்சத்திரம் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது என்று நாம் நினைக்கிறோம். அந்தக் காலத்தில் அது வானத்தின் உண்மையான துருவத்திலிருந்து ஏறக்குறைய மூன்றரை பாகை விலகியிருந்தது. ஆகவே அதுவும் ஒரு சிறு வட்டம் சுற்றும். சுற்றில் மேலே இருக்கும்போது அளந்தால் ஓர் அளவு, கீழே இருக்கும்போது அளந்தால் வேறு அளவு. இதைச் சரிசெய்யாமல் கணக்கிட்டால் போகவேண்டிய துறைமுகத்தை விட்டு நூறு மைலுக்கும் அப்பால் போய்ச் சேரலாம். வேறு நட்சத்திரங்களின் நிலையைப் பார்த்து எவ்வளவு கூட்டவேண்டும், எவ்வளவு கழிக்கவேண்டும் என்ற திருத்த முறையை இப்னு மாஜித் விரிவாக எழுதினார். தெற்கே வரும்போது துருவ நட்சத்திரம் அடிவானத்தின் மங்கலில் மறைந்துவிடும். அப்போது அதன் அருகிலுள்ள ஃபர்கதான் இரட்டை நட்சத்திரங்களை அளக்கும்படி சொன்னார்.

திசைக்குக் காந்த ஊசி இருந்தது. வட்டத்தை 32 பாகமாகப் பிரித்து, நட்சத்திரங்கள் உதிக்கும் இடத்தையும் மறையும் இடத்தையும் கொண்டு ஒவ்வொரு பாகத்துக்கும் பெயரிட்டிருந்தார்கள். தூரத்தை ஸாம் என்ற அளவால் கணக்கிட்டார்கள். மூன்று மணி நேரத்தில் கப்பல் ஓடும் தொலைவு ஒரு ஸாம். நம் ஊர்ச் சாமமும் மூன்று மணி நேரம்தான் என்பதைக் கவனியுங்கள்.

இவற்றையெல்லாம் அவர் பெரும்பாலும் கவிதையாக எழுதினார். நடுக்கடலில், இருட்டில், அலை தெறிக்கும் தளத்தில் நின்று ஏட்டைப் புரட்ட முடியாது. மனப்பாடம் செய்திருந்தால் நாவில் வரும். 1462இல், ஹிஜ்ரி 866இல், ஆயிரம் அடிகளைத் தாண்டும் ஹாவியா என்ற நூலை முடித்தார். சுமார் 1490இல் எழுதிய கிதாபுல் ஃபவாயித் உரைநடை நூல். 12 அத்தியாயங்கள். காந்த ஊசி, சந்திரனின் 28 மனைகள், பருவங்கள், கரைகள், தீவுகள் என விரிந்து, தம் குடும்பத்துக் கடலான செங்கடலில் முடிகிறது. கரை நெருங்குவதை எப்படி அறிவது என்று அவர் சொல்லும் பகுதி நமக்கு மிகவும் பிடித்தது. நீரின் நிறம், மிதந்து வரும் பாசி, கடற்பாம்புகள், பறவைகள், ஆழம் பார்க்கும் கயிற்றில் ஒட்டி வரும் சேறு இவையெல்லாம் அவருக்கு அடையாளங்கள்.

மாலுமிக்கு அவர் சொன்ன அறிவுரைகளும் அந்த நூலில் உண்டு. கப்பல் கரையில் கிடக்கும்போதே அதைச் சுற்றிப் பார்த்து அதன் குறைகளை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறார். தம் சொல்லுக்குக் கீழ்ப்படியாதவர்கள் இருக்கும் கப்பலில் ஏறவேண்டாம் என்கிறார். அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்ற விடக்கூடாது என்றும் எச்சரிக்கிறார். முன்னோர்களில் கடலின் சிங்கங்கள் என்று போற்றப்பட்ட மூவரை அவர் மதித்தார். ஆனால் அவர்கள் கேட்டதைத் தொகுத்தவர்கள், தாம் கடலில் சோதித்து எழுதியவர் என்று சொல்லித் தம்மை நான்காமவராக வைத்துக்கொண்டார். கொஞ்சம் தற்பெருமைதான். அவருடைய நூல்களில் இந்தத் தொனி அடிக்கடி தலைகாட்டும் என்பதை மறைக்கவேண்டியதில்லை.

இனி அந்தப் பழிக்கு வருவோம்.

காமா 1498 ஏப்ரல் 24 அன்று மாலிந்தியை விட்டுப் புறப்பட்டு மே 20 அன்று கோழிக்கோட்டின் அருகே நங்கூரமிட்டார். மாலிந்தி அரசர் கொடுத்த வழிகாட்டி பருவம் அறிந்தவர். மலபாரில் கடல் மூடுவதற்குச் சற்று முன்பாக, மூன்றரை வாரத்துக்குள் நடுக்கடலைக் கடக்க வைத்தார். திரும்பும்போது காமா பருவத்துக்குக் காத்திராமல் அக்டோபர் தொடக்கத்தில் புறப்பட்டார். அதே கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆனது. ஈறு வீங்கும் நோயால் அந்தக் கடப்பில் மட்டும் 30 பேர் இறந்ததாக அவருடன் போனவரின் குறிப்பே சொல்கிறது. முஅல்லிமின் அறிவு எவ்வளவு உயிர்களுக்குச் சமம் என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம்.

அந்த வழிகாட்டி யார்? அந்தப் பயணக் குறிப்பு அவரைக் கிறிஸ்தவர் என்கிறது. பிற்காலப் போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ் அவரைக் குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்று சொல்லி மலேமோ கானா என்ற பெயரைத் தருகிறார். இன்னொருவர் கனகா என்று எழுதுகிறார். மலேமோ என்பது முஅல்லிம். கனகா என்பது கணிதமும் சோதிடமும் அறிந்தவரைக் குறிக்கும் இந்தியச் சொல், நம் கணக்கன் என்ற சொல்லுக்கு உறவு. ஆக நமக்குக் கிடைப்பது ஒரு பட்டம்தான், ஆளின் பெயர் அல்ல. ஜுல்ஃபாரைச் சேர்ந்த அரபியரை யாரும் குஜராத்தி என்று சொல்லமாட்டார்கள்.

இப்னு மாஜிதின் பெயர் முதலில் எங்கே வருகிறது? 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்காவில் வாழ்ந்த குத்புத்தீன் நஹ்ரவாலி என்ற அறிஞர், துருக்கியர் யமனை வென்றதைப் பற்றி எழுதிய நூலில் போகிறபோக்கில் ஒரு செய்தி சொல்கிறார். பரங்கியர் தலைவன் இப்னு மாஜிதுடன் பழகி, அவரை மது மயக்கத்தில் ஆழ்த்தி, வழியைக் கேட்டறிந்தான் என்பது அது. சம்பவம் நடந்து எழுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதப்பட்டது. கூட இருந்த போர்ச்சுக்கீசியர் யாரும் இப்படிச் சொல்லவில்லை. 1920களில் ஃபெர்ராண்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தச் செய்தியையும் போர்ச்சுக்கீசியக் குறிப்புகளையும் ஒன்றாக இணைத்தார். அவர்தான் பாரிஸ் நூலகத்தில் இருந்த இப்னு மாஜிதின் கையெழுத்துப் பிரதிகளை அச்சில் கொண்டுவந்து உலகுக்கு அறிமுகப்படுத்தியவர். ஆகவே அவர் சொன்னது பாடநூல்கள் வரை பரவியது. ஒரே கை அவருக்குப் புகழையும் பழியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது.

1957இல் லெனின்கிராடில் இருந்த மேலும் மூன்று கவிதைகளை ஷுமோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் வெளியிட்டார். அவற்றில் ஒன்றில் பரங்கியர் வருகை பேசப்படுகிறது. அந்த அடிகள் பின்னாளில் சேர்க்கப்பட்டவை என்று கருதுவோரும் உண்டு. எப்படியானாலும் காமாவுக்குத் தாம் வழிகாட்டியதாக இப்னு மாஜித் எங்கும் எழுதவில்லை. தம் சாதனைகளைச் சொல்லக் கூச்சப்படாத மனிதர் அவர். அவருடைய நூல்களை ஆராய்ந்து 1971இல் வெளியிட்ட டிபெட்ஸ் என்ற ஆங்கில அறிஞரும் இந்தக் கதையை ஏற்கவில்லை. ஷார்ஜாவின் ஆட்சியாளர் ஷேக் சுல்தான் அல் காசிமி, இப்னு மாஜித் குற்றமற்றவர் என்று நிறுவுவதற்காகவே ஒரு நூல் எழுதினார். சோதிக்காமல் எதையும் எழுதாதே என்று வாழ்நாள் முழுதும் சொன்னவரைப் பற்றி, சோதிக்கப்படாத ஒரு செய்தியை நாம் இத்தனை காலம் மேடையேற்றி வந்திருக்கிறோம்.

கடலில் போனவர்கள் அவரை வேறுவிதமாக நினைவு வைத்திருந்தார்கள். 1554இல் புயலில் கப்பல்களை இழந்து குஜராத்தில் கரையொதுங்கிய துருக்கியக் கடற்படைத் தலைவர் சைய்யிதி அலி ரயீஸ், அஹமதாபாத்தில் இருந்தபடி இந்தியப் பெருங்கடல் பற்றி முஹீத் என்ற நூலை எழுதினார். அதற்கு அவர் பெரிதும் நம்பியவற்றில் இப்னு மாஜிதின் நூல்களும் அடங்கும். சரியாக முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1854இல், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலப் பயணி ஏடனிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்கு ஒரு பாய்மரக் கப்பலில் ஏறினார். புறப்படும் வேளையில் கப்பலில் இருந்தவர்கள், காந்த ஊசியைக் கண்டுபிடித்தவர் என்று தாங்கள் நம்பிய ஷேக் மாஜித் என்பவருக்காக ஃபாத்திஹா ஓதினார்கள். காந்த ஊசி அவருக்கு முன்பே இருந்தது. அது அவர்களுக்குத் தெரியாது. ஓதி முடித்துப் பாயை விரித்தார்கள்.